‘எந்த ஸ்டேஷன்?’ என்று கேட்க ஓர் ஆள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், போலீஸ் வேடத்தில் வீடியோவில் வந்து வீட்டிலேயே ‘கைது’ செய்வதாகப் பயமுறுத்திப் பணம் பறிக்கும் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ கும்பலிடம் சேமிப்பு முழுவதையும் பறிகொடுத்த செய்தி சென்ற வாரம் தங்கள் நாளிதழில் வந்திருந்தது. இரண்டு நாள் கழித்து இதே பகுதியில் ஒரு வாசகர், ஊருக்கெல்லாம் பாடம் சொன்னவருக்கு இதுகூடவா தெரியாது, படித்தவர்களே இப்படி இருந்தால் எப்படி என்று எழுதியிருந்தார். அவருக்குப் பதில் எழுத எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. ஒரு நாள் காலை 10:40 முதல் பிற்பகல் 2 மணி வரை நானும் ‘கைதாகி’ இருந்தேன். கும்பகோணத்தில், என் வீட்டுச் சாப்பாட்டு மேசை முன்னால்.

நான் ஒன்றும் விவரம் தெரியாதவள் இல்லை. பொதுத்துறை வங்கி ஒன்றில் 36 ஆண்டு வேலை பார்த்தேன். கடைசி ஒன்பது ஆண்டு தலைமைக் காசாளர். கள்ளநோட்டைக் கண்ணால் பார்க்க வேண்டாம், கட்டை விரல் சொல்லிவிடும். மோசடி பற்றி வட்டார அலுவலகத்திலிருந்து சர்க்குலர் வந்தால் நோட்டீஸ் போர்டில் குத்துவது என் வேலை. ‘ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்று கவுண்டர் கண்ணாடியில் ஒட்டியது நான். 2024 அக்டோபரில் பிரதமர் வானொலியில் இந்த டிஜிட்டல் அரெஸ்ட் பற்றியே பேசி, நில்லுங்கள், யோசியுங்கள், அப்புறம் செயலில் இறங்குங்கள் என்றாரே, அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டவளும் நான்தான். அப்படி ஒரு கைது சட்டத்திலேயே கிடையாது என்று கீழே ஒரு வரியும் சேர்த்திருந்தேன்.

சென்ற ஆண்டு ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை. வாழைக்காய் சீவி வாணலியில் போட்ட நேரம் போன் வந்தது. பதிவு செய்த பெண் குரல். இரண்டு மணி நேரத்தில் உங்கள் எண் துண்டிக்கப்படும், விவரத்துக்கு 9ஐ அழுத்தவும். அழுத்தினேன். என் ஆதாரை வைத்து மும்பையில் சிம் வாங்கியிருக்கிறார்களாம், அதை வைத்து வங்கிக் கணக்கு திறந்திருக்கிறார்களாம், அதில் கோடிக்கணக்கில் கறுப்புப் பணமாம். ‘இருங்கள், மும்பை போலீஸுக்கு இணைக்கிறேன்’ என்றான் ஒருவன். உடனே வீடியோ அழைப்பு. காக்கிச் சட்டை, தோளில் நட்சத்திரம், பின்சுவரில் சிங்க முத்திரை, எங்கோ வாக்கி டாக்கி கரகரக்கும் சத்தம். இன்ஸ்பெக்டர் இந்தியும் இங்கிலீஷும் கலந்து பேசினார். வங்கியில் இந்திப் பரீட்சை எழுதினால் ஊக்கத்தொகை உண்டு என்று பிரபோத், பிரவீண், பிராக்யா மூன்றும் எழுதித் தேறியவள் நான். அந்த இந்தி எனக்கு முழுசாகப் பயன்பட்டது அன்றைக்குத்தான். பயப்படுவதற்கு.

இத்தனைக்கும் அவர் முதலில் மிரட்டவே இல்லை. “மேடம், உங்களைப் பார்த்தால் தப்பு செய்தவர் மாதிரித் தெரியவில்லை. யாரோ உங்கள் பெயரைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஒத்துழைத்தால் இன்றைக்கே உங்கள் பெயரை நீக்கிவிடலாம்” என்றார். கதவைத் தாழ்ப்பாள் போடச் சொன்னார். போட்டேன். போனை மேசையில் நிறுத்தி, முகம் தெரிகிற மாதிரி உட்காரச் சொன்னார். பருப்பு டப்பாவில் சாய்த்துவைத்து உட்கார்ந்தேன். இது தேசிய ரகசியம், யாரிடம் சொன்னாலும் அவர்களும் குற்றவாளி ஆவார்கள் என்றார். பெங்களூரில் இருக்கும் மகன் முகம் கண்ணில் வந்தது. சொல்லவில்லை.

வாணலி புகைய ஆரம்பித்தது. “சார், அடுப்பை அணைச்சுட்டு வரட்டுமா?” என்று கேட்டேன். என் வீடு, என் அடுப்பு, வயது 64. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஒரு நிமிடம் தந்தார். ஓடிப்போய் அணைத்துவிட்டு ஓடி வந்து உட்கார்ந்தேன். “தேங்க்யூ சார்” என்றேன். எழுதக் கை கூசுகிறது, ஆனால் எழுதிவிடுகிறேன்: அந்த நேரத்தில் அவர் நல்ல மனுஷராகத்தான் தெரிந்தார்.

ஆதாரின் கடைசி நான்கு எண்ணைக் கேட்டார்கள். அப்புறம் முழு எண். அப்புறம் எத்தனை வங்கியில் கணக்கு. அப்புறம் இருப்பு எவ்வளவு. அப்புறம் சரிபார்ப்புக்கு 25,000 ரூபாய், மாலையில் திரும்பி வந்துவிடும் என்று. அனுப்பினேன். எங்கே நிறுத்தியிருக்க வேண்டும் என்று பின்னால் எத்தனையோ தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். ஆதாரைச் சொன்னவளுக்கு இருப்பைச் சொல்வது பெரிதாகத் தெரியவில்லை. இருப்பைச் சொன்னவளுக்கு 25,000 பெரிதாகத் தெரியவில்லை. கடைசியில் 11 லட்ச ரூபாய் எஃப்.டி.யை உடைத்து ‘கண்காணிப்புக் கணக்கில்’ போடச் சொன்னார்கள். வங்கியில் கேட்டால் மகன் வீடு வாங்குகிறான் என்று சொல்ல வேண்டும். போன் கைப்பையில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். புடவை மாற்றிக்கொள்ள அனுமதி வாங்கினேன்.

அப்போது வாசலில் இஸ்திரிக்காரர் குரல் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை துணி எடுக்க வருவார். திறக்காமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று இன்ஸ்பெக்டரே திறக்கச் சொன்னார். மனுஷர் என் முகத்தைப் பார்த்தார்.

“என்னம்மா, மொகம் ஒரு மாதிரி இருக்கு?”

உள்ளே கேட்டுவிடக் கூடாதென்று உதட்டை மட்டும் அசைத்தேன். “போலீஸ்.”

“போலீஸா? எந்த ஸ்டேஷன்? ஈஸ்ட்டா, வெஸ்ட்டா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. மும்பை என்றேன். அவர் தெருவை எட்டிப் பார்த்தார். “வண்டியவே காணோமே. போலீஸ்னா வாசல்ல வண்டி நிக்கும்மா. போன்லயா வருவாங்க?” உள்ளே வந்து போனை எடுத்துப் பார்த்தார். அந்தப் பக்கம் இந்தியில் ஒரு கத்தல். இவர் பதில் பேசவில்லை, சிவப்புப் பொத்தானை அழுத்தினார். அவ்வளவுதான். மூன்றேகால் மணி நேரக் கைது முடிந்துவிட்டது. நான் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அவர் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு, வாணலியைப் பார்த்து, வாழைக்காய் போச்சே என்றார்.

சைபர் குற்றப் புகார் எண்ணான 1930க்குப் போன் செய்து புகார் பதிந்தேன். 25,000 திரும்பவில்லை. ஒரு பட்டுப் புடவை என்று வைத்துக்கொண்டேன்.

என் தங்கை மகள் சென்னையில் உளவியல் படிக்கிறாள். அவளிடம் மட்டும்தான் முழுக் கதையையும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். “பெரியம்மா, உங்களைப் பத்தி 1961லயே ஆராய்ச்சி பண்ணிட்டாங்க” என்றாள். அப்போது நான் கைக்குழந்தை என்று கோபித்துக்கொண்டேன். அப்புறம் அவள் சொன்னதை, சில்லறை எண்ணுகிற மாதிரி ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டுக் குறித்துவைத்திருக்கிறேன்.

அமெரிக்காவில் நியூ ஹேவன் என்ற ஊர், யேல் பல்கலைக்கழகம், ஸ்டான்லி மில்கிராம் என்ற ஆய்வாளர். யூதர்களை ரயிலேற்றிச் சாவுக்கு அனுப்பிய ஐக்மன் மீது ஜெருசலேமில் வழக்கு நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. ஞாபகசக்தி பற்றி ஆராய்ச்சி, வந்தால் நான்கு டாலர், வழிச்செலவுக்கு 50 சென்ட் என்று ஆள் சேர்த்தார்கள். தபால் ஊழியர், விற்பனையாளர், பொறியாளர் என்று 40 ஆண்கள். சுவருக்கு அப்பால் ஒருவர். அவர் தப்பாகப் பதில் சொன்னால் மின்சார அதிர்ச்சி தர வேண்டும். பெட்டியில் 30 விசை, 15 வோல்ட்டில் தொடங்கி 15 15ஆக ஏறி 450 வரை. 300 வோல்ட்டில் அந்த மனுஷர் சுவரை இடித்தார். இன்னொரு தடவை இடித்தார். அப்புறம் சத்தமே இல்லை. பக்கத்தில் சாம்பல் நிறக் கோட்டு போட்டவர், ‘தயவுசெய்து தொடருங்கள்’ என்றார். உண்மையில் மின்சாரமே கிடையாது. கோட்டுக்காரர் ஒரு பள்ளிக்கூட உயிரியல் ஆசிரியர். சுவரை இடித்தவர் ஒரு கணக்கர், நம்ம இனம். விசை அழுத்தியவர்களுக்கு அது தெரியாது.

40 பேரில் 26 பேர் 450 வரை போனார்கள். ஆயிரத்தில் ஒருவர்தான் போவார் என்று மனநல மருத்துவர்கள் முன்கூட்டியே சொல்லியிருந்தார்களாம். போனவர்கள் ரசித்துப் போகவில்லை. வியர்த்திருக்கிறார்கள், நடுங்கியிருக்கிறார்கள், 14 பேருக்கு அடக்க முடியாத அசட்டுச் சிரிப்பு வந்திருக்கிறது. ‘அவருக்கு என்ன ஆச்சோ, பாருங்கள்’ என்று கெஞ்சிக்கொண்டே அடுத்த விசையை அழுத்தியிருக்கிறார்கள். ஆதார் எண், இருப்பு, 25,000 என்று நான் ஏறியதும் அந்த 15 15தான்.

இதை அப்படியே நம்பிவிடக் கூடாது, சோதனை மேலேயே நிறைய விமர்சனம் உண்டு என்றும் அவளே சொன்னாள். சிலர் அதெல்லாம் நாடகம் என்று சந்தேகப்பட்டிருக்கிறார்கள். கோட்டுக்காரர் படிப்படியாக நான்கு வாசகம் சொல்வார். கடைசி வாசகம், ‘உங்களுக்கு வேறு வழியில்லை, தொடர்ந்தே ஆக வேண்டும்.’ 2009இல் ஜெர்ரி பர்கர் என்பவர் வெளியிட்ட மறுசோதனையில், அந்த வாசகத்தைக் கேட்ட பிறகு யாருமே தொடரவில்லையாம். கட்டளை போட்டால் முறைத்துக்கொள்ளும் ஆள், நல்ல காரியத்துக்கு உதவி என்றால் கூடவே நடக்கிறான். என் இன்ஸ்பெக்டர் ‘ஒத்துழையுங்கள் மேடம்’ என்றுதானே ஆரம்பித்தார்? அதட்டியிருந்தால், 36 வருஷம் கவுண்டரில் அதட்டல் வாங்கிப் பழகியவள், நானும் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருப்பேன்.

என்னைத் தூக்கிவாரிப் போட்டது வேறு இரண்டு எண்கள். கோட்டுக்காரர் அறையில் இல்லாமல் போனில் உத்தரவு போட்டபோது, கடைசி வரை போனவர்கள் ஐந்தில் ஒருவர் அளவுக்குக் குறைந்துவிட்டார்கள். போன் மட்டும் போதாது, முகம் வேண்டும், உடுப்பு வேண்டும். இந்தக் கும்பல்கள் ஏன் வீடியோவில் வருகின்றன என்று இப்போது புரிகிறதா? இன்னொன்று, விசைப் பெட்டி முன்னால் மூன்று பேரை உட்காரவைத்த சோதனை. அதில் இரண்டு பேர் ஆய்வாளரின் ஆட்கள். ஒருவர் 150 வோல்ட்டில் எழுந்துவிடுவார், அடுத்தவர் 210இல். அவர்கள் எழுந்த பிறகு, இப்படிச் சோதிக்கப்பட்ட 40 பேரில் கடைசி வரை போனவர்கள் நான்கே பேர். யாரிடமும் சொல்லாதே, கதவைச் சாத்து என்பதுதான் இவர்கள் முதலில் போடும் நிபந்தனை. என் தாழ்ப்பாளுக்கு அவ்வளவு விலை.

ஆஸ்பத்திரிக் கதை ஒன்றும் சொன்னாள். 1966இல் வெளிவந்த ஆய்வு, ஹாஃப்லிங் என்ற மருத்துவருடையது. முன்பின் தெரியாத ‘டாக்டர்’ போனில் கூப்பிட்டு, நோயாளிக்கு 20 மில்லிகிராம் மருந்து கொடு, நான் வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்கிறார். புட்டியிலேயே 10க்கு மேல் கூடாது என்று எழுதியிருக்கிறது. 22 நர்ஸுகளில் 21 பேர் கொடுக்கக் கிளம்பிவிட்டார்கள். 1977இல் அதே மாதிரி இன்னொரு சோதனை. இந்தத் தடவை நர்ஸுகளுக்குப் பழக்கமான மருந்து, சக நர்ஸுகளிடம் கேட்டுக்கொள்ளவும் வழி இருந்தது. 18 பேரில் இரண்டு பேர்தான் கிளம்பினார்கள்.

இதைக் கேட்டதும் என் சர்வீஸில் நடந்த ஒன்று ஞாபகம் வந்தது. 1989. நான் பேயிங் கவுண்டரில். அப்போதெல்லாம் பித்தளை டோக்கன். சீட்டைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்வார்கள், நாம் எண்ணைக் கூப்பிட்டு, டோக்கனைக் கையில் வாங்கிக்கொண்டுதான் பணம் தர வேண்டும். மேனேஜர் சீட்டோடு வந்தார். “பார்ட்டி வெளியே கார்ல இருக்கார்மா. டோக்கன் அப்புறம் வரும், நீ பேமென்ட் போடு.” 18,000 ரூபாய். டோக்கன் இல்லாமல் தரக் கூடாது என்று எனக்குத் தெரியும். பக்கத்துக் கவுண்டரில் இருந்தவருக்கும் தெரியும். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் லெட்ஜரில் குனிந்துகொண்டார், நான் எண்ணிக் கொடுத்துவிட்டேன். நாலு மாதம் கழித்து அந்தக் கணக்குக்காரர், இந்தப் பணத்தை நான் எடுக்கவே இல்லையே என்று பாஸ்புக்கோடு வந்து நின்றார். மேனேஜர் மாற்றலாகிப் போயிருந்தார். விசாரணையில் என்னைக் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. ‘மேனேஜர் சொன்னார் என்கிறீர்களே, எழுதிக் கொடுத்தாரா?’ ஓராண்டு இன்கிரிமென்ட் போனது. அந்த சக ஊழியர்மேல் எனக்கு ரொம்ப நாள் கோபம் இருந்தது. ‘டோக்கன் எங்கே சார்?’ என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதுமே என்று. அவருடைய கவுண்டராக இருந்து நான் பக்கத்தில் இருந்திருந்தால் கேட்டிருப்பேனா என்றால், மாட்டேன்.

வங்கியில் பெட்டகச் சாவி இரண்டு பேரிடம் இருப்பது வாசகர் பலருக்குத் தெரிந்திருக்கும். ஒருவர் சாவியால் மட்டும் திறக்காது. அதைச் சந்தேகத்தால் போட்ட விதி என்றே பல வருஷம் நினைத்து, கொஞ்சம் அவமானமாகக்கூட எடுத்துக்கொண்டிருக்கிறேன். என் கழுத்தில் கத்தி வைத்து ஒருவன் கேட்டால், ‘ஐயா, என்னால் முடியாது, இன்னொரு சாவி வேண்டும்’ என்று சொல்லலாமே, அது எனக்குப் பாதுகாப்பு என்பது ஓய்வுபெற்ற பிறகுதான் உறைத்தது.

எனவே அந்த வாசக அன்பருக்கு: படிப்பு இதில் காப்பாற்றாது. வர்த்மான் ஜவுளிக் குழுமத் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால், பத்மபூஷண் பெற்றவர், 82 வயதில் 7 கோடி ரூபாயை 2024 ஆகஸ்டில் இப்படித்தான் இழந்தார். அவருக்கு உச்ச நீதிமன்றத்தையே வீடியோவில் காட்டினார்கள், தலைமை நீதிபதி வேடத்தில் ஓர் ஆளோடு. இன்னும் சொல்லப்போனால் எங்களைப் போன்றவர்கள்தான் சுலபமாக மாட்டுகிறோம். இஸ்திரிக்காரருக்குப் போலீஸ் தெரியும். தள்ளுவண்டியை எடு என்பவர் பெயர், அவர் எத்தனை மணிக்கு ரவுண்டு வருவார், எல்லாம் தெரியும். எனக்குப் போலீஸ் ஸ்டேஷன் வாசல்படிகூடத் தெரியாது. பாஸ்போர்ட் சரிபார்ப்புக்கு வந்த கான்ஸ்டபிளுக்குக் காபி கொடுத்ததோடு சரி. காணாத பேய்தான் பெரிய பேய். பள்ளிக்கூடத்தில் கையைக் கட்டு என்றார்கள், கட்டினோம். ஆபீஸில் சார் என்று எழுந்து நின்றோம். நல்ல பெண், சொன்ன பேச்சு கேட்பாள் என்று என் கான்ஃபிடன்ஷியல் ரிப்போர்ட்டில் வருஷா வருஷம் வேறு வார்த்தைகளில் எழுதியிருப்பார்கள்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். போலீஸ் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அம்பாலாவில் ஒரு வயதான தம்பதி எழுதிய கடிதத்தைப் பார்த்து, அதே ஆண்டு அக்டோபரில் தானாகவே வழக்கை எடுத்தது. டிசம்பரில் சிபிஐ விசாரிக்கச் சொன்னது. நல்லது. யாருக்குப் போன் போட்டாலும் முதலில் எச்சரிக்கை ஒலித்த மாதங்களும் உண்டு. ஆனால் இந்த ‘யோசியுங்கள்’ என்ற வார்த்தைதான் எனக்கு இடிக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பவளால் யோசிக்க முடியவில்லை என்பதுதானே கோளாறே! நான் அன்று யோசித்துக்கொண்டேதான் இருந்தேன். எந்தப் புடவை கட்டினால் பேங்கில் சந்தேகம் வராது என்று.

‘யாரையாவது கூப்பிடுங்கள்’ என்று சொல்லுங்கள். பால்காரர், எதிர்வீட்டுக்காரர், யாராக இருந்தாலும் சரி.

அப்புறம் என் பழைய வீடான வங்கிக்கு ஒரு விண்ணப்பம். வயதானவர் ஒருவர் நட்டநடு வேளையில் தனியாக வந்து, முதிர்வுக்கு ஆறு மாதம் இருக்கும் எஃப்.டி.யை முழுசாக உடைக்கச் சொன்னால், கவுண்டரில் வைத்து ‘என்ன காரணம்?’ என்று கேட்டுப் பயனில்லை. காரணம் சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்பியிருப்பார்கள். நானே மகன் வீடு என்று மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். மேனேஜர் அறைக்குள் கூப்பிடுங்கள். கைப்பையும் போனும் வெளியே இருக்கட்டும். தண்ணீர் கொடுங்கள். மகன் நம்பரைக் கேட்டு நீங்களே போடுங்கள். வாடிக்கையாளர் கோபிப்பார், புகார் எழுதுவார், எழுதட்டும். கவுண்டரில் இருக்கும் இளம்பிள்ளைகளுக்கு இப்படி நிறுத்திவைக்க எழுத்து மூலம் அதிகாரம் வேண்டும். வாய்மொழியாகச் சொன்னால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும்.

தங்களுக்கும் ஒன்று. இப்படி மாட்டியவர்களைப் பற்றிய தலைப்பில் ‘படித்தவர்’, ‘ஆசிரியை’ என்று போட்டு ஓர் ஆச்சரியக்குறியும் வைக்கிறீர்கள். அந்த ஆச்சரியக்குறிக்குப் பயந்துதான் நான் மகனிடம் இன்னும் சொல்லவில்லை. முதல் ஒரு மணி நேரத்தில் 1930க்கு அடித்திருக்க வேண்டிய பலரும் அதற்குப் பயந்துதான் ராத்திரி முழுக்க விழித்துக் கிடக்கிறார்கள்.

அதே காரணத்தால் என் பெயரைத் தயவுசெய்து வெளியிட வேண்டாம். என் நாத்தனார் வீட்டிலும் தங்கள் பேப்பர்தான் வாங்குகிறார்கள்.

இஸ்திரிக்காரர் இப்போதும் செவ்வாய்க்கிழமை வருகிறார். துணியை எண்ணி மூட்டை கட்டிவிட்டுக் கிளம்பும்போது, “என்னம்மா, இன்னிக்கு எந்த ஸ்டேஷன்?” என்கிறார். வெஸ்ட் என்று சொல்லி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமைக் காசாளர்,
கும்பகோணம்.